மனித வெள்ளத்துக்கு ஒரு மதகு

உலகத்தை இறைவன் படைத்தான். ஒல்லாந்தை ஒல்லாந்தர் படைத்தனர் என்பது ஐரோப்பாவிலே வழங்கும் ஒரு பழைய பேச்சு. அதன் பொருளைக் கண்ணாரக் காண விரும்புவோர் அம்ஸ்ரடாம் மாநகரின் தென்மேற்கே அமைந்துள்ள ஸ்கிப்போல் விமான நிலையத்துக்குச் செல்லவேண்டும். விமானம் தரையைத் தொட்டு ஓடும்போது, கடல் மட்டத்துக்கு மூன்று மீற்றருக்கு மேல் தாழ்ந்த நிலத்திலே ஓடுகின்றோம் என்பதை நம்மிற் பலர் அறியோம். சாளரத்தினூடே தெரிவன பசும்புல் வெளியும் நேர்கோடுகளாய் ஓடும் வாய்க்கால்களுமே. ஆயினும் அவ்விடம் ஒரு காலத்தில் ஒரு பேரேரியின் அடித்தளமாய் இருந்தது.

ஹார்லமர்மேர் என்பது அவ்வேரியின் பெயர். 1836 ஆம் ஆண்டிலே வீசிய பெரும்புயல்களால் அதன் நீர் அம்ஸ்ரடாம் நகரின் எல்லைவரை பெருகிற்று. இனி இவ்வேரியை விட்டுவைத்தல் ஆகாது என்று துணிந்த ஒல்லாந்தர், அதனைச் சுற்றி ஏறக்குறைய 60 கிலோமீற்றர் நீளமான கால்வாயை வெட்டினர். மூன்று இடங்களில் நீராவி இறைப்பு யந்திரங்களை நிறுவினர். 1849 முதல் 1852 வரை இறைத்து, ஏறத்தாழ 18,000 ஹெக்டேயர் நிலத்தை நீருக்குள்ளிருந்து மீட்டனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, இன்று நாம் காணும் கோட்டையைக் கட்டியெழுப்பிய ஒல்லாந்தரின் வழித்தோன்றல்களே இவர்கள். நீரோடு கணக்குப் போட்டு வாழ்வது அவர்களுடைய பரம்பரைக் கல்வி என்று கூறினும் மிகையாகாது.

அக்கணக்கு மூன்று உறுப்புக்களை உடையது. மழையாலும் ஊற்றாலும் வரும் நீர் எவ்வளவு? யந்திரம் இறைக்கும் நீர் எவ்வளவு? இறைக்கும்வரை நீர் தங்கி நிற்க வாய்க்காலில் இடம் எவ்வளவு? வரவு, இறைப்பு, தேக்கம் என்னும் இம்மூன்றில் ஒன்று தவறினும் வயல் மூழ்கும். வாசகர்கள் இம்மூன்று சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நாம் கூறவிருக்கும் செய்திக்கு அவையே திறவுகோல்.

வாயிலிலே ஒரு மதகு

1916 இல் இராணுவ விமானங்கள் இறங்கும் சேற்றுவெளியாகத் தொடங்கிய ஸ்கிப்போல், 1967 இல் இன்றைய நடு நிலையத்தைத் திறந்தது. பல தனித்தனிக் கட்டடங்களாக அன்றி, எல்லா மண்டபங்களையும் ஒரே கூரையின்கீழ் இணைத்துக் கட்டியமை அதன் சிறப்பு. மஞ்சள் நிறப் பலகைகள் வழிகாட்ட, மொழி அறியாதவரும் அங்கே திசை தப்புவதில்லை. நிலையத்தின் கீழேயே புகைவண்டி நிலையமும் உண்டு. 2019 ஆம் ஆண்டில் 7 கோடியே 17 இலட்சம் பிரயாணிகள் அந்நிலையத்தினூடே சென்றனர். ஏரி நீர் வற்றிய இடத்திலே இன்று மனித வெள்ளம் பாய்கின்றது.

அவ்வெள்ளத்தைத் தடுத்து, அளந்து, ஒழுங்காக விடும் மதகே பாதுகாப்புச் சோதனை வாயில். விமானம் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் சோதித்தல் பழைய வழக்கம் அன்று. 1960 களின் இறுதியில் விமானக் கடத்தல்கள் பெருகியதன் விளைவாக, 1973 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆம் திகதி முதல் அமெரிக்கா தன் விமான நிலையங்களில் எல்லாப் பிரயாணிகளையும் சோதிக்கும் விதியைக் கொணர்ந்தது. ஏனைய நாடுகளிலும் இவ்வழக்கம் பரவி வேரூன்றியது.

ஸ்கிப்போலுக்கு இதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2009 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, உள்ளாடைக்குள் வெடிமருந்தை மறைத்து வைத்திருந்த ஒருவன், அங்கே விமானம் மாறி அமெரிக்காவின் டிற்றோயிற் நகருக்குப் பறந்தான். மருந்து முறையாக வெடிக்காமையாலும், உடன் சென்ற பிரயாணிகளும் பணியாளரும் அவனை மடக்கியமையாலும் பெருந்தீங்கு நேரவில்லை. உலோகத்தை மட்டும் அறியும் வாயில்கள் போதா என்பதை உலகம் அன்று உணர்ந்தது. உடல் முழுவதையும் நோக்கும் கருவிகள் பல நாடுகளிலும் பெருகின. எனவே வரிசை நீள்கிறது என்பதற்காகச் சோதனையைத் தளர்த்துதல் இயலாது. சோதனையும் செம்மையாக நடைபெறவேண்டும்; வரிசையும் நீளாதிருக்கவேண்டும். திட்டமிடுவோர் முன்னுள்ள புதிர் இதுவே.

சிறு மதகுகளா, பெரு மதகா?

2015 ஆம் ஆண்டுக்கு முன்னர், ஸ்கிப்போலிலிருந்து தூர தேசங்களுக்குச் செல்வோர் விமானம் ஏறும் வாயிலிலேயே சோதிக்கப்பட்டனர். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு யந்திரம், ஒரு குழு. ஒரு வாயிலில் முந்நூறு பேர் நெருங்கி நிற்க, அடுத்த வாயிலில் பணியாளர் கைகட்டி நிற்பர். 2015 இல் இம்முறை மாற்றப்பட்டுச் சோதனைகள் யாவும் சில நடுவிடங்களுக்குக் கொணரப்பட்டன. சோதிக்கப்பட்டுப் புறப்படுவோரும், வேற்று நாடுகளிலிருந்து வந்திறங்குவோரும் ஒருவரோடொருவர் கலவாதிருக்க, கட்டடத்தின் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று.

பத்துச் சிறு வரிசைகளிலும் ஒரு பொது வரிசை சிறந்தது என்பது கணித உண்மை. ஆனால் பத்துச் சிறு மதகுகளை மூடிப் பெருமதகு ஒன்றைத் திறக்கும்போது, அது அடைபட்டால் நிலையம் முழுவதுமே நின்றுவிடும். எத்தனை பாதைகள் வேண்டும்? வரிசை எவ்வழி வளைந்து செல்லவேண்டும்? தூண் எங்கே நிற்கவேண்டும்? கட்டிமுடித்த பின்பு தூணை நகர்த்த இயலுமா? கொங்கிறீற் இடுவதற்கு முன்பே விடை காணவேண்டிய வினாக்கள் இவை.

கணினிக்குள் நடக்கும் மக்கள்

இங்கேதான் விஞ்ஞானம் கைகொடுக்கின்றது. ஆங்கிலத்திலே ‘சிமியுலேஷன்’ என வழங்கும் முறையைத் தமிழிலே போலச்செய்தல் என்பர். இல்லாத கட்டடம் ஒன்றைக் கணினிக்குள் எழுப்பி, இல்லாத மக்களை அதனூடே நடக்கவிட்டு, எங்கே நெருக்கம் உண்டாகின்றது என்று பார்த்தலே அம்முறை. பெரிய விமான நிலையங்களைத் திட்டமிடுவோருக்கு இன்று இது பழகிய கருவி.

இக்கலையின் வரலாறு சுவையானது. கோப்பன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பனியிலே பணிபுரிந்த ஏர்லாங் என்னும் டென்மார்க் தேசத்துக் கணித அறிஞர், அழைப்புக்கள் எவ்வாறு திரண்டு வருகின்றன என்பதை ஆராய்ந்து 1909 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அவரிடமிருந்தே வளர்ந்தது. பின்னர், 1946 இல் நோயுற்று ஓய்ந்திருந்த உலாம் என்னும் அறிஞர், தனியாய்ச் சீட்டாடிப் பொழுது போக்கினார். ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பைச் சூத்திரத்தாற் கணிப்பதிலும், பன்முறை ஆடிப்பார்த்து எண்ணுவது எளிது என்று அவருக்குத் தோன்றிற்று. அவரும் நொய்மன் என்னும் பேரறிஞரும் சேர்ந்து அவ்வெண்ணத்தைக் கணினிக்கு ஏற்ற முறையாக்கினர். சூதாட்டத்துக்குப் பெயர்போன மொன்ரி கார்லோவின் பெயரே அதற்கு வாய்த்தது.

மாணவ நேயர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வேண்டுவன ஒரு தாயக்கட்டையும் ஒரு தாளுமே. ஆறு பக்கமுள்ள கட்டையை நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விழும் எண், அந்நிமிடத்தில் வந்த பிரயாணிகளின் தொகை. சோதனையாளர் நிமிடத்துக்கு நால்வரை அனுப்பவல்லவர். கட்டையின் சராசரி மூன்றரை. ஆகவே வரிசையே உண்டாகாது என்று எண்ணத் தோன்றும். ஆனால் 6, 5, 6, 3, 1, 6, 5 என்று விழுந்தால் நிகழ்வது யாது? ஒவ்வொரு நிமிட முடிவிலும் காத்து நிற்போர் முறையே 2, 3, 5, 4, 1, 3, 4 பேர். சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. ஆள் குறைவாய் வரும் நிமிடத்தில் வீணாகும் ஆற்றலை, ஆள் மிகுந்து வரும் நிமிடத்துக்குச் சேமித்து வைக்க இயலாது என்பதே இதன் காரணம்.

இன்னுமொரு கணக்கு. ஒருவரைச் சோதிக்கச் சராசரி 20 விநாடி செல்லும் ஒற்றைப் பாதையை எடுத்துக்கொள்வோம். மக்கள் முன்பின்னாக வருகின்றனர். சோதனை நேரமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது. ஏர்லாங் வழிவந்த கணிதத்தின்படி, பாதை தன் ஆற்றலில் நூற்றுக்கு 80 பங்கு உழைக்கும்போது காத்திருப்பு சராசரி 80 விநாடி. 90 பங்கு உழைக்கும்போது 3 நிமிடம். 95 பங்கு ஆகும்போதோ 6 நிமிடத்துக்கு மேல். கடைசி ஐந்து பங்கு உழைப்புக்காக நாம் கொடுக்கும் விலை, காத்திருப்பு இரட்டித்தல்! யந்திரத்தையும் ஆளையும் சிறிதும் ஓய்வின்றி வேலைவாங்குதல் சிக்கனம் என்று கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை பார்த்தல் நன்று.

கணினியோ இத்தாய விளையாட்டைப் பெருக்கிச் செய்கின்றது. விமான அட்டவணையை முதலில் அதற்கு ஊட்டுவர். காலை பத்து மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரும் முதியோர், இரண்டு மணி நேரம் முன்பு வரும் குடும்பத்தினர், ஐம்பது நிமிடம் இருக்க ஓடிவரும் வியாபாரி ஆகியோரைத் தக்க விகிதத்தில் உண்டாக்குவர். சிலரின் பையை மீண்டும் சோதிக்கவேண்டி வரும். சிலர் சட்டைப்பையில் நாணயத்தை மறந்திருப்பர். இவற்றுக்கெல்லாம் கட்டை உருட்டப்படும். 1995 இல் ஹெல்பிங், மோல்னார் என்னும் இரு விஞ்ஞானிகள், நடக்கும் மனிதன் ஒவ்வொருவனையும் விசைகளால் இழுபடுபவனாகக் கொள்ளும் ஒரு முறையை வகுத்தனர். அவன் இலக்கு அவனை இழுக்கின்றது. சுவரும் அயலாரும் அவனை விலக்குகின்றன. இவ்வாறு ஒரு நாள் முழுவதையும் சில நிமிடங்களில் ஓடவிட்டு, நூறு நாள், ஆயிரம் நாள் என்று திரும்பத் திரும்ப நோக்கலாம். நல்ல நாளைக் காண்பதற்காக அன்று. நூற்றில் ஐந்தாய் வரும் பொல்லாத நாளைக் காண்பதற்காகவே இவ்வளவும்.

மேசையின் நீளம்

இவ்வாறு நோக்கும்போது தெரியவரும் முதல் உண்மை, தாமதம் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை என்பது. ஸ்கிப்போலிலே சில மணி நேரம் தங்கியிருந்த பொழுதில், நாமும் இதனைக் கூர்ந்து பார்த்தோம். யந்திரம் தட்டுக்களை விழுங்கக் காத்திருக்கின்றது. அதற்கு முன்னேயுள்ள மேசையிலோ ஒரு தாய் கைக்குழந்தையை ஒரு தோளிலும் பையை மறு தோளிலும் தாங்கி, மேலங்கியைக் கழற்ற முயல்கின்றாள். அவள் பின்னால் நிற்பவர் ஆயத்தமாய் இருந்தும் முந்திச் செல்ல வழி இல்லையாயின், பாதை முழுவதும் அவளுக்காக நிற்கவேண்டும், அவளும் நாணவேண்டும். பலர் பக்கம் பக்கமாக நின்று தத்தம் தட்டை நிரப்பி, முடித்தவர் முன்னே தள்ளத்தக்கவாறு மேசையை நீட்டி அமைத்தால், யார்க்கும் இடர் இல்லை. விரைவான புதிய யந்திரம் ஒன்றை வாங்குவதிலும், இவ்வாறு மேசையை நீட்டுவது சில வேளைகளிற் பெரும்பயன் தரும்.

மறுபுறமும் அப்படியே. சோதனை முடிந்தவர் பொருள்களை எடுத்து அடுக்க இடம் போதாவிடில், தட்டுக்கள் தேங்கும். உருளும் பட்டி நிற்கும். முன்னே மேசையும் நிற்கும். வாய்க்காலின் வாய் அடைபட்டால் வயலில் நீர் ஏறுவதை ஒக்கும் இது. 2021 ஆம் ஆண்டளவில் ஸ்கிப்போலில் கைப்பைகளைப் பல கோணங்களிலிருந்தும் ஊடுருவிப் பார்க்கும் புதிய கருவிகள் நிறைந்துவிட்டன. மடிக்கணினியையும் திரவப் போத்தல்களையும் பையிலிருந்து எடுக்கும் வேலை அங்கே மறைந்தது. மேசையில் நேரம் மிஞ்சியது. ஆனால் நெருக்கடி ஓரிடத்திலிருந்து நீங்கும்போது மற்றோரிடத்தைத் தேடிச் செல்லும். அது எவ்விடம் என்பதை முன்னரே அறிவதற்குக் கணினிக்குள் நடத்தும் ஒத்திகை உதவுகின்றது.

மற்றொன்று, நிற்பதற்கான இடம். 1961 இல் ஜோன் லிற்றில் என்னும் அமெரிக்க அறிஞர் நிறுவிய விதி, சிறுவருக்கும் விளங்கத்தக்கது. நிமிடத்துக்கு வருவோர் தொகையை, ஒருவர் காத்திருக்கும் நிமிடங்களாற் பெருக்கினால், எந்நேரமும் நிற்போர் தொகை கிடைக்கும். நிமிடத்துக்கு 20 பேர் வந்து, 12 நிமிடம் நின்றால், 240 பேர் நிற்பர். ஆளுக்கு ஒரு சதுர மீற்றர் என்றாலும் 240 சதுர மீற்றர் வேண்டும். அவ்விடத்தை ஒதுக்காத கட்டடத்தில் மக்கள் மாயமாய் மறைவதில்லை. படிக்கட்டிலும் வாசலிலும் தெருவிலும் நிற்பர்.

வரிசையே ஆபத்தாகும்போது

தெருவில் நின்றால் என்ன என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டு மார்ச் 22 ஆம் திகதி காலை, அயல்நாடான பெல்ஜியத்தின் பிறஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலே, சோதனைக்கு முந்திய புறப்பாட்டு மண்டபத்தில் இரு குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். கொலைஞர் சோதனையைத் தாண்ட முயலவே இல்லை. அதற்கு முன்னே திரண்டு நின்ற மக்களே அவர்களின் இலக்கு. அப்படியாயின் சோதனையைக் கட்டடத்தின் வாசலுக்கே கொண்டுபோகலாம் அன்றோ? கட்டுநாயக்காவில் வாயிலிலேயே பொதிகளைச் சோதிப்பதை நம் வாசகர்கள் கண்டிருப்பர். இஸ்தான்புல் நகரின் அத்தாதுர்க் நிலையத்திலும் வாயிலிற் சோதனை இருந்தது. அதே ஆண்டு ஜூன் 28 ஆம் திகதி, கொலைஞர் அவ்வாயிலையே தாக்கினர். நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சோதனையை எங்கே நகர்த்தினாலும் வரிசையும் உடன் நகரும். காவலை மிகுத்து வரிசையை நீளவிட்டால், விமானத்தைக் காத்து மண்டபத்தைக் கைவிட்டவர் ஆவோம். ஆகவே, வரிசையைக் குறைத்தல் பிரயாணிகளின் சௌகரியத்துக்காக மட்டும் செய்யும் உபசாரம் அன்று. அதுவும் காவலே.

2022 கற்பித்த பாடம்

இவ்வளவு கணக்கும் கருவியும் கூடியிருந்த ஸ்கிப்போலுக்கு 2022 ஆம் ஆண்டிலே ஒரு சோதனை வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பிரயாணிகள் குறைந்தபோது, பணியாளர் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். பிரயாணிகள் திரும்பினர், பணியாளர் திரும்பவில்லை. அவ்வாண்டு வசந்தம் தொட்டு வரிசைகள் மண்டபத்தை நிரப்பி, கட்டடத்துக்கு வெளியேயும் நீண்டன. வெளியே நிற்போருக்குக் கூடாரங்கள் அமைக்கப்பட்டன. விமானங்களைத் தவறவிட்டோர் பலர். கோடையிலே நாளொன்றுக்குப் புறப்படக்கூடிய பிரயாணிகளின் தொகைக்கே நிலையம் வரம்பு விதித்தது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 2022 இல் ஸ்கிப்போல் வழியே சென்றோர் 5 கோடியே 25 இலட்சம் பேர். 2019 இன் தொகையிலும் எவ்வளவோ குறைவு. நீர் பெருகவில்லை, இறைப்பவர் குறைந்தனர். புதிய கருவிகள் வரிசையாக நின்றன. அவற்றை இயக்கக் கைகள் இல்லை. இறுதியில், பாதுகாப்புப் பணியாளர் முதலானோருக்கு அக்கோடைகாலத்தில் மணிக்கு 5.25 யூரோ மேலதிகப் படி கொடுக்க நிலையம் இணங்கிற்று. அதுவரை வரைபடத்தில் வெறும் எண்ணாக நின்ற பணியாளர், உண்மையில் எவ்வளவு நிறையுடையவர் என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

போலச்செய்தலின் பெருமையும் சிறுமையும் இங்கே ஒருங்கே தெரிகின்றன. பத்துப் பாதைகள் திறந்திருக்கும் என்று எழுதிக்கொடுத்தால், கணினி பத்துப் பாதைகளையே திறக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கூலி போதுமா, அவள் அடுத்த மாதமும் வருவாளா என்று அது கேளாது. அதனைக் கேட்கவேண்டியவர் மனிதர். ஆறு பாதைகள் மட்டுமே திறந்தால் என்ன நிகழும் என்றும் கணினியை ஓட்டிப் பார்க்கும் துணிவு திட்டமிடுவோருக்கு வேண்டும். விரும்பிய விடையைத் தரும் எண்களை மட்டும் ஊட்டினால், எத்துணைப் பெரிய யந்திரமும் முகத்துதி செய்யும் அமைச்சனையே ஒக்கும்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இக்கணக்கு விமான நிலையத்துக்கு மாத்திரம் உரியது அன்று. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதியிலும், பரீட்சை மண்டபத்தின் வாயிலிலும், திருவிழாக் கூட்டத்திலும் வரவு, இறைப்பு, தேக்கம் என்னும் அம்மூன்றுமே ஆள்கின்றன. அடுத்த முறை வரிசையொன்றில் நிற்க நேரும்போது, நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகின்றனர், எத்தனை பேர் செல்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். எங்கே அடைபடுகின்றது என்பது சிறிது நேரத்தில் உங்களுக்கே புலப்படும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர் நம்மவர். ஒல்லாந்தர் கடலோடு பழகி அதனைக் கற்றனர். அணையைக் கோலுவதற்குமுன் வெள்ளத்தின் அளவை அறியவேண்டும். அணையிலே காவல் நிற்பவனுக்கு உணவும் இடவேண்டும். இவ்விரண்டையும் செய்த நாட்டிலே, ஏரியின் அடியிலும் மக்கள் அச்சமின்றி நடமாடலாம்.